முப்பத்தேழாம் நம்பர் கொப்பி

அன்று செவ்வாய்க்கிழமை. குடல் கிளினிக் முடிந்து, டொக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். துவாயை எடுக்கும்போது, யாரையும் பார்க்காமல் கேட்டார்: "அந்தப் புதுக் குளிசை குடுத்த ஆக்களில எத்தினை பேருக்குத் திரும்பவும் வயித்தெரிவு வந்தது?"

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். மல்லாவி பஸ் வந்து நின்றது. காலையிலிருந்து வாங்குப் பலகையில் இருந்த நாற்பது பேரும் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் சுருட்டிப் பிடித்த ஒரு கொப்பி. சிலர் அதைக் கையிடுக்கில், கமக்கட்டுக்குள் வைத்திருந்தார்கள், சிலர் மரக்கறிப் பையின் மேல் வைத்திருந்தார்கள், ஒருவர் வெயிலுக்குத் தலையில் பிடித்திருந்தார். எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. வெளிநோயாளிக்கென்று இங்கே காகிதக் கோவை கிடையாது. நோயாளி கடையில் நாற்பது பக்கக் கொப்பி வாங்கி வருவார், டொக்டர் அதில் எழுதுவார், நோயாளி அதை வீட்டுக்குக் கொண்டுபோவார். எங்களிடம் மிஞ்சுவது தொடர் இலக்கமும் பெயரும் மட்டும்.

டொக்டர் கேட்ட கேள்விக்குரிய விடை முழுவதும் அந்தப் பஸ்ஸில் ஏறிப் போகிறது என்று அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஆஸ்பத்திரியின் மூளை ஒவ்வொரு செவ்வாயும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறது. அதைப் பிடித்து ஓரிடத்தில் வைத்தால் என்ன?

பதிவறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இருவரும் முதல்நாளே ஒரு கேள்வி கேட்டீர்கள். "கொப்பிகளை வாங்கி உள்ளுக்குக் கொண்டுவந்து ஆறுதலாகப் பதியலாம்தானே, ஏன் வெளியில போய் வாங்கில நோயாளிக்குப் பக்கத்தில இருந்து எழுதவேணும்?" நல்ல கேள்வி. நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படித்தான் செய்தேன். அதனால் ஒரு மனிதர் சாகப் பார்த்தார். அந்தக் கதையை எழுதி வைக்கிறேன். பணி அனுபவம் எழுதுவதற்கு எனக்கு இன்னும் முப்பது வருடம் கழியவேண்டும் என்று எங்கள் தலைமைத் தாதி பெரிய மிஸி சொல்கிறா. அதுவரை காத்திருந்தால் நீங்கள் அதே பிழையை நாளைக்கே விடுவீர்கள்.

கொம்பியூட்டர் எங்களுக்கு வந்த விதம் சிரிப்புக்குரியது. டொக்டருடைய தம்பி லண்டனிலிருந்து தமையனுடைய பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானாக அனுப்பியது. ஒரு பெரிய சொக்கலேட் பெட்டி அளவு இருக்கும். அழிறப்பர் போன்ற விசைகள். அதைக் கறுப்பு வெள்ளை ரீவி ஒன்றுடன் பொருத்தினால் எழுத்துத் தெரியும். மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகவே பாட்டுக் கேட்கிற கசற் றெக்கோடர் ஒன்றை இணைத்து, பதிந்ததைக் கசற்றில் இறக்கிவைக்க வேண்டும். மறுநாள் கசற்றை ஓடவிட்டால் கீச்சுக் கீச்சென்று கத்தி, ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். பிள்ளைகளுக்கு இரண்டு நாளில் அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை. கூட வந்த புத்தகத்தை மூன்றுதரம் வாசித்தேன். ஒரு மாதத்துக்குள் குடல் நோயாளர்களுக்கென்று ஒரு தரவுத்தளம் எழுதிவிட்டேன். ஒரு நோயாளிக்குப் பதினொரு வரி: நம்பர், பெயர், வயது, ஊர், நோயின் குறி, மருந்தின் குறி, நோ வரும் நேரம், புகை, சாராயம், கடைசியாக வந்த நாள், சுகமா இல்லையா. அதற்குமேல் அதன் தலையில் இடமில்லை.

பதினொரு வரியும் என் மூளையில் பிறந்தவை. எந்த வரி வேண்டும் என்று ஒரு நோயாளியிடமும் நான் கேட்கவில்லை. இதற்கு முதலாவது அடி முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தது.

சூசை அண்ணையும் மனைவி றோசம்மா அக்காவும் கரைவலைக் குடும்பம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார், பேச்செல்லாம் அக்காதான். நான் பேனையும் கையுமாகக் கேட்டேன்.

"அண்ணைக்கு நோ எப்ப வாறது? காலமையோ, மத்தியானமோ, இரவோ?"

"எந்தக் காலமை தம்பி?"

"காலமைச் சாப்பாட்டு நேரம்."

"இவர் காலமைச் சாப்பாடு சாப்பிடுறது பின்னேரம் நாலு மணிக்கு. கடல் விட்டால்தான் சோறு. மத்தியானச் சாப்பாடு விடியப்புறம். அதுக்கும் மீன் பட்டால்தான். உங்கட மெசினுக்கு மணிக்கூடு பாக்கத் தெரியுமே ஒழிய கடல் பாக்கத் தெரியாது போல."

வாங்கில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நோ மறந்து சூசை அண்ணையும் சிரித்தார். நான் அதற்கு முன் பதிந்திருந்த கரையோர ஆட்கள் எல்லோருக்கும் "இரவு நோ" என்று போட்டிருந்தேன். டொக்டர் அதைப் பார்த்து, கடலோரத்துக் குடற்புண் வேறு வகையோ என்று இரண்டு நாள் யோசித்தவர். அன்று பின்னேரமே அந்த வரியை மாற்றினேன்: சாப்பிட்டு எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு நோ வருகிறது? எந்தக் கடலுக்கும் எந்த வயலுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். றோசம்மா அக்கா சொல்லித்தந்த அந்த வரிதான் இன்றுவரை எங்களிடம் உள்ள வரிகளில் திறமானது.

அதிலிருந்து நான் முழுப் பாடத்தையும் படித்திருக்க வேண்டும். பாதியைத்தான் படித்தேன்.

கிளினிக் நேரத்தில் பதிவது பெரும் கரைச்சல். நாற்பது பேர், ஒரு பேனை, பஸ் வந்துவிடும். ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கொப்பிகளை ஒரு கிழமைக்கு வாங்கி வைத்துக்கொண்டால் ஆறுதலாகப் பதிந்துவிட்டு அடுத்த செவ்வாய் திருப்பிக் கொடுக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டில் நம்பர் எழுதிக் கொடுத்தேன். பலர் சந்தோஷமாகத் தந்தார்கள். சுமை ஒன்று குறைந்ததே.

கருப்பையா அண்ணன் மட்டும் தரவில்லை. மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வந்து ஸ்கந்தபுரத்தில் மிளகாய் வைக்கிறவர். மெலிந்த, கவனமான மனிதர். அவருடைய கொப்பிக்கு வெள்ளை உரப்பையை வெட்டி, மூலை மடித்து, நூலால் தைத்த ஓர் உறை. மழை வந்தாலும் நனையாது.

"கொப்பி இல்லாம நான் எப்படிங்க தம்பி? தோட்டத்துல இருந்தப்ப எந்தக் காகிதமும் எங்க கையில இருந்ததில்லீங்க. எல்லாம் ஆபீசுல இருக்குன்னு சொல்லுவாங்க. கேட்டா அங்கயும் இருக்காது. இது ஒண்ணுதான் என் கையில இருக்குது."

"அண்ணன், இது அப்பிடியில்ல. இனிமேல் கொப்பியே தேவையில்ல. இந்த நம்பரைச் சொன்னால் போதும், மெசின் எல்லாத்தையும் சொல்லும்."

அவர் மனைவியைப் பார்த்தார். லெட்சுமி அக்கா என்னைப் பார்த்தா. நான் படித்த பிள்ளைபோல் தோன்றியிருக்க வேண்டும். கொப்பி என் கைக்கு வந்தது. அவருடைய நம்பர் முப்பத்தேழு.

அன்றிரவே பதிந்தேன். உறையைக் கழற்றினால் அட்டையில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. அதை வாசித்தேன். வாசித்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது; என்ன வாசித்தேன் என்பது மறுநாளே மறந்துவிட்டது. ஆனால் என்னுடைய பதினொரு வரிகளில் அதற்கு ஓரிடமும் இல்லை. உறையைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன்.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை பத்து மணியிருக்கும். ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு டிராக்டர் நேரே வாசலுக்கு வந்து நின்றது. பெட்டியில் வைக்கோலுக்கு மேல் கருப்பையா அண்ணன் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு கிடந்தார். முகம் சாம்பல். டொக்டர் வயிற்றில் கையை வைத்ததும் எடுத்துவிட்டார்.

"பலகை மாதிரி இருக்கு. புண் ஓட்டை விட்டிட்டுது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி வெட்டவேணும். அம்புலன்ஸை எடுக்கச் சொல்லுங்கோ. அதுக்கு முதல் சேலைனை ஏத்துங்கோ, நோவுக்கு ஒண்டு, கிருமிக்கு ஒண்டு, ரெண்டு ஊசியும் போடுங்கோ."

பெரிய மிஸி இரண்டு ஊசியையும் நிரப்பிக்கொண்டு வந்தா. அதைக் கண்டதும் லெட்சுமி அக்கா குறுக்கே விழாத குறையாக வந்து நின்றா.

"டாக்டரையா, இவருக்கு ஒரு ஊசி ஆகாதுங்க! ரெண்டு வருசத்துக்கு முன்னால போட்டு, உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு நின்னு போகப் பாத்துச்சுங்க. இன்னொரு தடவை போட்டா ஆள் மிஞ்ச மாட்டாருன்னு சொன்னாங்க."

"எந்த ஊசி அம்மா? நோவுக்குப் போட்டதோ, மற்றதோ?"

"தெரியாதுங்க. கொப்பி அட்டையில சிவப்புல எழுதிக் குடுத்தாங்க."

"கொப்பி எங்க?"

அவ முந்தானை முடிச்சை அவிழ்த்தா. உள்ளே நான்காக மடித்த என்னுடைய துண்டு. "இந்தத் தம்பி வாங்கிக்கிட்டாருங்க. நம்பரச் சொன்னா மெசினு எல்லாத்தையும் சொல்லுமாம்."

டொக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். "சொல்லட்டும்," என்றார். மிஸியிடம், "ரெண்டு ஊசியையும் வையுங்கோ."

நான் ஓடினேன். கொம்பியூட்டரைப் போட்டேன், ரீவியைப் போட்டேன், கசற்றை ஓடவிட்டேன். கீச்சுக் கீச்சென்று கத்தியது. ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் கருப்பையா அண்ணன் முனகுவது சுவருக்கு அப்பால் கேட்டது. முடிவில் ரீவியில் வந்தது ஒரே ஒரு வரி: வாசிக்க முடியவில்லை.

றெக்கோடரின் சத்தம் கூடினாலும் குறைந்தாலும் கொம்பியூட்டருக்கு விளங்காது. ஒரு சின்ன மிஸியிடம் நகப்பூச்சு வாங்கி, சத்தக் குமிழ் நிற்கவேண்டிய சரியான இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். குமிழ் புள்ளியை விட்டு எங்கேயோ திரும்பி நின்றது.

"துரையண்ணை!"

எங்கள் அற்றென்டன் துரையண்ணை கதவடியில் நின்றார். "நேற்று மத்தியானம் ரெண்டு பாட்டுத்தான் தம்பி கேட்டனான். உன்ர கசற்றைத் தொடேல்ல, சத்தியமா."

குமிழைப் புள்ளிக்குத் திருப்பி, கசற்றைப் பின்னுக்குச் சுற்றி, மறுபடி ஓடவிட்டேன். இன்னோர் ஐந்து நிமிடம். வெளியே அம்புலன்ஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இம்முறை பிடித்தது. முப்பத்தேழு என்று அடித்தேன். வரிவரியாக வந்தது, அழகாக, ஒரு பிழையும் இல்லாமல். கருப்பையா, நாற்பத்தாறு, ஸ்கந்தபுரம், நோய் நான்கு, மருந்து இரண்டு, புகை இல்லை, சாராயம் ஓம். பதினொரு வரியும் முடிந்து, அதற்குக் கீழே அடுத்த எழுத்துக்குக் காத்திருக்கும் குறி மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

ஊசியைப் பற்றி ஒன்றும் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும், நானே எழுதியது. ஆனாலும் மறுபடி முப்பத்தேழு என்று அடித்தேன். அதே பதினொரு வரி. மூன்றாம்முறை அடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் பெரிய மிஸியின் குரல் கேட்டது.

"கொப்பி எங்கையடா?"

"அலுமாரிக்குள்ள, மிஸி."

"எந்த அலுமாரி?"

"இந்த... எனக்குப் பின்னால இருக்கிற..."

"அப்ப ஏன்ரா விசரா ரீவி பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

இரண்டு அடி. எனக்கும் அந்த அலுமாரிக்கும் இடையில் இரண்டே அடி தூரம். பத்து நிமிடமாக நான் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. அலுமாரியைத் திறந்தேன். கொப்பிகளை நோயின் குறிப்படி சணல் கயிற்றால் கட்டி அடுக்கியிருந்தேன். நான்காம் கட்டை இழுத்தேன். அவிழ்க்கவே தேவைப்படவில்லை. நடுவில் வெள்ளை உரப்பை உறை தனியாகத் தெரிந்தது. மிஸி அதைப் பறித்து, உறையைக் கழற்றி, அந்தச் சிவப்பு வரியை வாசித்துக்கொண்டே ஓடினா.

"பெனிசிலின்! டொக்டர், பெனிசிலின்தான்!"

டொக்டர் நோவுக்குரிய ஊசியைப் போட்டார். மற்றதை எறிந்துவிட்டு வேறொரு மருந்து ஏற்றினார். சிறிது நேரத்தில் கருப்பையா அண்ணனின் முழங்கால் மெல்ல நீண்டது. வண்டியில் ஏற்றும்போது லெட்சுமி அக்கா கொப்பியைக் கேட்டு வாங்கி, அவருடைய கமக்கட்டுக்குள் செருகினா. ஆனையிறவில் ஆமிக்காரர் மறித்து வைக்காமல் விடவேண்டுமே என்று எல்லோரும் வாய்க்குள் முணுமுணுத்தோம். விட்டார்கள். அன்று பின்னேரமே சத்திரசிகிச்சை முடிந்து ஆள் தப்பிவிட்டாரென்று அம்புலன்ஸ் சாரதி வந்து சொன்னார்.

டொக்டர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பதினொரு வரியையும் ரீவியில் கடைசிவரை வாசித்தார்.

"நல்லாத்தான் செய்திருக்கிறாய். எத்தினை பேர் எண்டு நான் கேட்டன், அதுக்கு இது மறுமொழி சொல்லும். இண்டைக்கு நான் கேட்டது எத்தினை பேர் எண்டு இல்ல. இந்த மனுசனுக்கு என்ன செய்யக்கூடாது எண்டு கேட்டன். அதைக் கேப்பினம் எண்டு நீ நினைக்கேல்ல."

"இடம் இருக்கேல்ல டொக்டர்."

"சாராயத்துக்கு இருந்ததே."

கதிரையைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் சனிக்கிழமை. மிஞ்சிய கொப்பிகளைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். மல்லாவிப் பக்கத்துக் கொப்பிகளைப் பஸ் நடத்துநரிடம் ஒப்படைத்தேன். அவருக்கு அந்த ஆட்கள் எல்லோரையும் தெரியும். ஏறும்போதே, "உன்ர வயிறு இந்தா," என்று சொல்லிக் கொடுத்தாராம். மற்றவற்றை நான் வீடு வீடாகக் கொண்டுபோனேன். யாரும் கோபிக்கவில்லை. இரண்டு இடத்தில் சாப்பாடு போட்டார்கள், ஓரிடத்தில் நாய் துரத்தியது. முல்லைத்தீவுக் கொப்பிகளை மட்டும் றோசம்மா அக்கா செவ்வாயன்று தானே வந்து எண்ணி வாங்கிக்கொண்டு போனா. "உங்கட மெசின் எங்கட வயித்தை ஒளிச்சு வைக்குமெண்டு எனக்கு அப்பவே தெரியும்," என்றா. அவவுக்கு அப்படியொன்றும் தெரிந்திருக்காது.

ஒரு மாதம் கழித்து, கிளினிக் வாசலில் ஒரு குரல். "முப்பத்தேழு வந்திருக்குங்க."

கருப்பையா அண்ணன். இன்னும் மெலிந்திருந்தார், ஆனால் நிமிர்ந்து நின்றார். கமக்கட்டுக்குள் உரப்பை உறை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்க விடவில்லை.

"அது கிடக்கட்டும் தம்பி. மெசினுக்குள்ள என்னப் பத்தி என்ன எழுதி வச்சிருக்கீங்க? வாசிச்சுக் காட்டுங்க. ஆபீசு காகிதத்துல என்ன இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் எனக்கு வாசிச்சுக் காட்டினதில்லீங்க."

அதுவரை அப்படி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவரைக் கதிரையில் இருத்தி, ரீவியைத் திருப்பி, வரிவரியாகத் தமிழில் சொன்னேன். வயதில் திருத்தினார்: நாற்பத்தெட்டு, கொப்பியில் இரண்டு குறைத்து எழுதிவிட்டார்களாம். மருந்தில் திருத்தினார்: அந்தப் புதுக் குளிசை மல்லாவியில் கிடைக்காததால் பாதியில் விட்டுவிட்டாராம். டொக்டர் அன்று கேட்ட கேள்விக்கு விடை அதுதான்: வயிற்றெரிவு திரும்பி வந்தது குளிசை கிடைக்காமல்! எந்தக் கொப்பியிலும் அது எழுதியிருக்கவில்லை. சாராயத்தில் வந்து நின்றார்.

"அத அழிச்சுருங்க. விட்டுட்டேன்."

"எப்ப விட்டீங்க?" என்று கேட்டது நானில்லை, லெட்சுமி அக்கா.

"ஆஸ்பத்திரில வச்சு."

"அப்ப முந்தாநேத்து குடிச்சது என்னாங்க, இளநியா?"

"தம்பி, 'குறைச்சிருக்காரு'ன்னு போடுங்க. அதுக்கு இடம் இருக்கா?"

இடம் பண்ணினேன். பெயரைக் குறுக்கினேன், ஊருக்குக் குறி வைத்தேன், வேண்டாத இரண்டு வரியை எடுத்தேன். இப்போது நம்பர் அடித்தால் முதலில் வருவது சிவப்பு வரி, பிறகுதான் பெயர். கறுப்பு வெள்ளை ரீவியில் சிவப்பு ஏது என்று கேட்காதீர்கள், அந்த வரியை மின்னும்படி செய்திருக்கிறேன். துரையண்ணைக்குப் பாட்டுக் கேட்கத் தனியாக ஒரு றெக்கோடர் வாங்கிக் கொடுத்தாயிற்று. கொப்பி நோயாளியின் கையை விட்டு நகர்வதில்லை. நாங்கள்தான் நகர்கிறோம். வாங்கில் பக்கத்தில் இருந்து, அட்டையிலிருந்து தொடங்கி, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் பதிகிறோம். நேரம் போகும்தான். பஸ் நடத்துநர் இப்போது பத்து நிமிடம் பொறுத்து நிற்கிறார்.

இனி நீங்கள் இருவரும் வந்துவிட்டதால் ஒன்று செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். குடல் நோயாளர்களில் பாதிப் பேர் மல்லாவிப் பக்கம். அவர்கள் இங்கே வருவதைவிட மெசின் அங்கே போகட்டும். அங்கே மின்சாரம் இல்லை, ஆனால் எங்கள் ரீவி கார் பற்றரியில் வேலை செய்யும். கொம்பியூட்டருக்கும் அதிலிருந்தே வயர் இழுத்துத் தருவதாகத் துரையண்ணை சொல்கிறார். இரண்டுதரம் புகை வந்தது, மூன்றாம்தரம் வரவில்லை. வருகிற வியாழக்கிழமை சந்தை நாள். கருப்பையா அண்ணன் டிராக்டர் ஒழுங்கு செய்திருக்கிறார். குலுங்கினால் உடையாமலிருக்க வைக்கோல் போட்டு, தூசி போகாமலிருக்க கொம்பியூட்டருக்கும் உரப்பையில் ஓர் உறை தைத்துத் தந்திருக்கிறார், மூலை மடித்து, நூல் தெரியாமல்.

முதல் ஆளாகத் தானே வந்து நின்று முப்பத்தேழு என்று சொல்வாராம். வேலை செய்கிறதா என்று பார்க்க.

"செய்யாட்டி என்ன பண்றது அண்ணன்?" என்று அவருடைய பேச்சிலேயே கேட்டேன்.

அவர் கையைத் தூக்கி, கமக்கட்டுக்குள் இருந்த உரப்பை உறையைக் காட்டினார்.